கொழும்பிலிருந்து வந்த சிதார்

சிலோன் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்துவிட்டால், டாலிகஞ்சில் சின்னப்பன் வீட்டில் அடுப்பில் மீன் கருகினாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். சின்னப்பன் படகு கட்டும் ஓடாவி. தூத்துக்குடியிலிருந்து பெண்டாட்டி, கைக்குழந்தையோடு கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்தவர். அந்தக் கைக்குழந்தை செலின் இப்போது வளர்ந்து, டெலானிபூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். முதல் சம்பளத்திலிருந்தே கைவைக்காமல் சேர்த்து அவள் வாங்கிய வால்வு ரேடியோதான் அந்தத் தெருவுக்கே காது.

அது அறுபத்தெட்டாம் வருடம். பாட்டு வந்த படம் இன்னும் தீவுக்கு வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால், “மெயின்லேண்ட்ல எல்லாரும் பார்த்துச் சலிச்ச பொறவு” என்பார் சின்னப்பன். அதனால் பாட்டுக்கு முகம் கிடையாது. யார் நடித்தார்கள், எந்தத் தோட்டத்தில் ஓடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. காதல் பாட்டு. பல்லவி முடிந்ததும் வயலின்கள் எல்லாம் சட்டென்று வாய் பொத்திக்கொள்ளும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு தனியாக, ஒற்றை வாத்தியத்தில் ஒரு சின்ன இடையிசை வரும், பாட்டுக் குழுக்காரர்கள் ‘பிட்’ என்பார்களே, அது.

முதல் தடவை கேட்டபோது செலினுக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. கம்பியைத் தட்டும் சத்தம்தான். ஆனால் தட்டிய சத்தம் அங்கேயே நிற்காமல் வழுக்கி வேறொரு சுரத்துக்குப் போயிற்று. போன இடத்தில் தேனீ முரலுவது போல ஓர் இரைச்சல் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்ட வந்தது, எட்டப் போனது, இதோ காணாமலே போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி பெருகிக் காதுக்குள் வந்து நிரம்பியது.

“அது சிதார்மா” என்றார் கிருஷ்ணமூர்த்தி, மறுநாள் ஆபீசில். அவர் தலைமை எழுத்தர், கும்பகோணத்துக்காரர், ஆபீஸ் முடிந்தால் ஆர்மோனியம். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் ஆட்களை வைத்து ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தார். “வடக்கத்தி வாத்தியம். இப்போ சினிமாவுல அது இல்லாம காதலே கிடையாது. ஹீரோயின் ஜன்னலைத் திறந்தா சிதார், நிலா வந்தா சிதார், அவன் கடிதாசு போடலேன்னா அதுக்கும் சிதார். நாதஸ்வரத்துக்குக் கல்யாணம்னா சிதாருக்குக் காதல்னு நம்ம மியூசிக் டைரக்டர்கள் எழுதிக் குடுத்துட்டாங்க.”

“நம்ம குழுவுல அந்தப் பாட்டைப் பாடலாமா சார்?”

“பாடறது நீ பாடிடுவே. சிதாருக்கு எங்கே போறது? என் ஆர்மோனியத்துல அந்த வழுக்கல் வராது. கட்டை கட்டையாத்தான் விழும்.”

செலின் தாமஸை நினைத்தாள். அப்போதெல்லாம் அவள் எதை நினைத்தாலும் அது தாமஸில் போய்த்தான் முடிந்தது.

தாமஸ் தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகில் எஞ்சின் டிரைவர். முன்பு மாதா கோயில் பாடல் குழுவில் கிடார் வாசித்தவன். ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்கும் செலினுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. ரேடியோவில் பாட்டு வரும் மாலை நேரத்தில் அவன் பாதி நாள் கடலில் இருப்பான். மீதி நாள் எஞ்சினுக்கு அடியில் இருப்பான். அந்தப் பாட்டை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் உட்கார்ந்து செலின் வாயாலேயே அந்தச் சிதாரைப் பாடிக் காட்டினாள். வழுக்கலைப் பாடினாள், இரைச்சலைப் பாடினாள். எட்டப் போய்ப் பெருகி வருவதைச் சொல்லத் தெரியாமல், குரலை இறக்கி ஏற்றிப் பாடினாள்.

“இன்னொரு தரம் பாடு” என்றான் தாமஸ்.

பாடினாள்.

“இன்னொரு தரம்.”

“பிட்டைப் படிக்கவா, சும்மா என்னைப் பாட வைக்கவா?”

“ரெண்டுக்கும்தான்.”

கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கல் வந்துவிட்டது. இரைச்சல்தான் வரவில்லை. தாமஸ் வருங்கால மாமனாரின் பட்டறைக்குப் போய், பெரிய கடற்சிப்பி ஒன்றை அரத்தால் ராவித் தட்டையாக்கி, கிடாரில் கம்பிகள் ஏறி நிற்கும் குதிரை மேல் பொருத்தினான். கம்பி சிப்பியின் பளபளத்த முதுகில் லேசாக உரசியது. தேனீ வந்துவிட்டது. சின்னப்பன் உளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஏ மாப்ள, அந்தக் கிடாருக்குச் சளி புடிச்சிருக்கா?”

“இதுக்குப் பேரு சிதார் மாமா.”

“நல்லாத்தாம்யா இருக்கு. சளி தீர்ந்துராம பாத்துக்க.”

எட்டப் போய்ப் பெருகி வரும் இடத்துக்கு அவன் கண்டுபிடித்த வழி, கிருஷ்ணமூர்த்தியின் குழுவோடு மேடை ஏறியபோதுதான் தெரிந்தது. மைக்கின் முன்னால் உட்கார்ந்து, தட்டிக்கொண்டே கிடாரோடு மெதுவாகப் பின்னால் சாய்வான். பிறகு முன்னால் வருவான். சாய்ந்தால் சத்தம் தொலைவில் போகும், வந்தால் பெருகும். படகு ஆட்டத்தில் பழகிய உடம்பு, அதனால் அது வித்தையாகத் தெரியாது. கடலில் உட்கார்ந்திருப்பவன் போலத் தெரியும். கூட்டமும் கூடவே ஆடும். பத்துபஸ்தியில் ஒரு கல்யாண வரவேற்பில் முதலில் வாசித்தார்கள். அதன்பின் எந்த வீட்டு விசேஷமானாலும் “அந்த அலை பிட்டு உண்டில்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்கள். தபலா வாசித்த வங்காளி பிஸ்வாஸ் மட்டும் முதல் நாள் கொஞ்சம் விழித்தான். அவன் கல்கத்தாவில் சிதார் கேட்டிருக்கிறான். “ஐஸா தோ நஹீன் சுனா”, இப்படிக் கேட்டதில்லையே என்று இழுத்தான். பிறகு, மதராஸிக்காரர்கள் சாம்பாரில் வெல்லம் போடுவது போல இதுவும் ஒரு மதராஸி ஸ்டைல் போலிருக்கிறது என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, “படியா ஹை”, பிரமாதம் என்று தாளத்தைத் தொடர்ந்தான்.

இந்தப் புகழ் செலினுக்கு இனித்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. தாமஸ் ரோஷக்காரன். முன்பு ஒருமுறை ஜங்கிலிகாட்டில் யாரோ ஒருவர், “என்ன தம்பி, தகரத்துல காத்தடிக்கிற மாதிரி இருக்கு” என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு ஆணியில் மாட்டிய கிடாரை அவன் இரண்டு வருடம் தொடவில்லை. பாதிரியார் சொல்லியும் கேட்கவில்லை. செலினின் வாயிலிருந்து வந்த சிதார்தான் அதை ஆணியிலிருந்து இறக்கியது.

டெலானிபூர் குடியிருப்பு மன்றத்தின் ஆண்டு விழா பிப்ரவரியில் வந்தது. அதே வாரம் கப்பலில் கிருஷ்ணமூர்த்தியின் மைத்துனர் ராஜமாணிக்கமும் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய சாமானைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டே ஜீப்பில் வந்தார். சினிமா இசைக்குழுக்களில் சிதார் வாசிப்பவர். கிருஷ்ணமூர்த்தி ஆபீசில் நின்ற இடத்திலேயே குதித்தார்.

“செலின், அந்தப் பாட்டு இருக்கே, நம்ம பாட்டு, அதுல பிட் வாசிச்சது யாருங்கறே? நம்ம மாணிக்கம்! இத்தனை நாளா சொல்லலை பாரு, அமுக்கன். விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தாளி. முன் வரிசையில உக்கார்த்தி வெச்சு, நம்ம தாமஸை விட்டு வாசிக்கச் சொல்லப்போறேன்.”

சேதி கேட்டதிலிருந்து தாமஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தான். கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டினான். “அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் செலின்” என்று மட்டும் சொன்னான். என்ன வார்த்தை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

விழா அன்று மத்தியானம் செலின் கிருஷ்ணமூர்த்தியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள், பாட்டுகளின் வரிசையைச் சரிபார்க்க. கூடத்தில் பாயில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். தடித்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய், குழந்தைச் சிரிப்பு. கிருஷ்ணமூர்த்தியின் மனைவி விசாலாட்சி தம்பிக்குக் காப்பியை வைத்துவிட்டு, “டேய் மாணிக்கம், கம்பளியை அவுருடா. இந்தப் பொண்ணுதான் நம்ம ஊர்ல அந்தப் பாட்டைப் பாடறது. அந்த பிட்டை ஒரு தரம் வாசிச்சுக் காமி” என்றாள்.

கம்பளிக்குள்ளிருந்து சிதார் வெளியே வந்தது. செலின் அதுவரை அதைப் பார்த்ததில்லை. பெரிய சுரைக்குடுக்கை, அதிலிருந்து நீண்ட கழுத்து, கழுத்துக்கு அடியில் இன்னொரு வரிசைக் கம்பிகள்.

“கீழே இருக்கறதை நாம தட்டவே வேண்டாம்” என்றார் ராஜமாணிக்கம், அவள் கண் போன இடத்தைப் பார்த்து. “மேலே தட்டினா அதுபாட்டுக்கு அது பாடும். பக்கத்து வீட்ல அழுதா நமக்கும் தொண்டை அடைக்குமே, அந்த மாதிரி. அதுக்குத்தான் சினிமாவுல இதுக்கு இத்தனை கிராக்கி. முப்பது வயலின் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் முடியாததை இது ஒரே தட்டுல சொல்லிடும்.”

விரலில் மீட்டுவதற்கான கம்பிக் கூட்டை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

அதே பிட்டுதான். அதே வழுக்கல், அதே தேனீ. ரேடியோவில் கேட்டதைவிட ஆயிரம் மடங்கு அழகு. சுவரும் காப்பி டம்ளரும் கூடவே முரன்றன. செலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அது எட்டப் போகவில்லை. பெருகி வரவும் இல்லை. ஆரம்பித்த பலத்திலேயே, வெயிலில் பிடித்த வெள்ளிச் சரிகை மாதிரி, கடைசிவரை ஒரே சீராக ஓடி முடிந்தது.

“நடுவுல… சத்தம் எங்கேயோ போயிட்டு வருமே சார்?”

“எங்கே போகும்?”

செலின் மெல்லப் பாடிக் காட்டினாள். ராஜமாணிக்கம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

“சிலோன் ரேடியோவா? ஷார்ட் வேவ்! அத்தனை கடலைத் தாண்டி வர்ற ஸ்டேஷன் அம்மா. காத்துல ஏறும், இறங்கும். பாட்டுல அது கிடையாது. ரேடியோ பண்ற சேட்டை அது.”

செலின் கையிலிருந்த பாட்டு வரிசைத் தாளை மடித்தாள். ரேடியோ மங்கும் என்பது தெரியாத விஷயமா? பாடுகிறவர் குரல் மங்கினால் அவள் அம்மா அன்னம்மாள் எழுந்து போய் ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். சிதார் மங்கியபோது மட்டும் யாரும் தட்டவில்லை. குரல் எப்படி இருக்கும் என்று தெரியும். சிதார் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? போய்ப் போய் வருவதுதான் அதன் குணம் என்று கைகட்டிக் கேட்டார்கள். ஏற்ற இறக்கம் வேறு வேறு இடத்தில் விழுந்த நாட்களில்கூட, வாசித்தவர் அன்றைக்கு அப்படி வாசித்திருக்கிறார் என்று நினைத்தாளே, ஒரே இசைத்தட்டுதானே என்று தோன்றவில்லையே! ரேடியோவின் கோளாறைத் தொண்டையில் வாங்கி, தாமஸின் கையில் கொடுத்து, ஊர் முழுக்க வாசிக்க வைத்திருக்கிறாள். இன்றைக்கு அதை, வாசித்தவர் முன்னாலேயே அவன் வாசிக்கப்போகிறான். அவர் இப்போது சிரித்தது போல அங்கேயும் சிரித்தால்?

காப்பியைக் குடிக்காமலே கிளம்பினாள்.

மன்றத்து மண்டபத்துக்குப் பின்னால் தாமஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரி மடிப்பு கலையக் கூடாது என்று முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

தாமஸின் கை கம்பியின் மேலேயே நின்றது.

“இத்தனை மாசமா நான் வாசிச்சது ரேடியோக் கோளாறா?”

“என் தப்புதாங்க. உங்ககிட்ட நான்தான் அப்படிப் பாடிக் காமிச்சேன். இப்போ ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. நேரா வாசிச்சிடுங்க. சாயாம. உங்களுக்கு அது ஒரு பெரிய காரியமா?”

“ஊரெல்லாம் சிரிக்கத்தான் கைதட்டிச்சா?”

“ஊருக்கு என்ன தெரியும், அதுவும் சிலோன்தானே கேக்குது.”

அவன் எழுந்து போய் வேலிப் பக்கம் நின்றுகொண்டான். கிடாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவானோ என்று செலின் நினைத்தாள். அவன் நடக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேடையிலிருந்து கிருஷ்ணமூர்த்தி, “தாமஸ்! மைக் ரெடி, வாப்பா!” என்று கத்தினார்.

முன் வரிசையில் ராஜமாணிக்கம், மாலையோடு. மூன்றாம் வரிசையில் சின்னப்பனும் அன்னம்மாளும். அதற்குப் பின்னால் தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று பாதி போர்ட் பிளேர். செலின் பல்லவியைப் பாடினாள். எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது. பல்லவி முடிந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் வந்தது.

தாமஸ் நேராக வாசித்தான். அசையாமல், கம்பம் நட்டது போல உட்கார்ந்து, ஒரே சீராக, ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்தான்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “என்னய்யா, உடம்பு சரியில்லையா அவனுக்கு?” என்று யாரோ கேட்டது மேடைவரை வந்தது. தபலாவிலிருந்து பிஸ்வாஸ் பொறுக்க முடியாமல் குனிந்து, “அரே தாமஸ் பாய், லெஹர் கஹான் கயா?” என்றான். அலையைக் காணோமே என்று அவன் கேட்டது மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது. கூட்டம் சிரித்தது. “ஆமா, அலை எங்கே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல், அதற்குப் பின்னால் நாலு குரல்.

தாமஸின் காது சிவப்பதைச் செலின் பார்த்தாள். போயிற்று, கிடார் மறுபடி ஆணியில்தான் என்று நினைத்துக்கொண்டு முதல் சரணத்தைத் தொடங்கினாள். பாடிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இல்லை. கோயில் படியில், இன்னொரு தரம் பாடு என்று சொல்லிவிட்டுப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

சரணம் முடிந்தது. பிட் மறுபடி வர வேண்டிய இடம். தாமஸ் மெதுவாகப் பின்னால் சாய்ந்தான்.

சத்தம் எட்டப் போயிற்று. கூரை விளிம்பு வரை, அதற்கப்பால் சரிவு வரை, கடல் வரை போயிற்று. ஒரு பெருங்கூட்டம் மூச்சைப் பிடித்தது. பிறகு அவன் வந்தான். கூடவே தேனீயும் வழுக்கலும் பெருகிப் பெருகி வந்து மண்டபத்தை நிறைத்தன. இஸ்திரிச் சட்டை கசங்கியது. எழுந்த கைதட்டலில் இரண்டாம் சரணத்தின் முதல் அடி யாருக்கும் கேட்கவில்லை.

செலினுக்குக் கைதட்டல் காதில் ஏறவில்லை. அவள் ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு ஏறினார். நேரே தாமஸிடம் வந்து குந்தி உட்கார்ந்து, கிடாரின் குதிரை மேல் விரலை வைத்தார்.

“இது என்ன, எலும்பா?”

“சிப்பிங்க சார்” என்றான் தாமஸ்.

“யார் சொல்லிக் குடுத்தது?”

“யாருமில்லீங்க. தேனீ மாதிரி இருக்கும்னு இவ சொன்னா. நான் உங்க பிட்டை ரேடியோவுல கேட்டதே இல்லீங்க. இவ வாயாலதான் கேட்டேன். சாயங்காலந்தான் தெரியும், அது தப்புன்னு. மொதல்ல நேராத்தான் வாசிச்சேன்…”

“வாசிச்சே. நல்லாவும் வாசிச்சே. என்னை மாதிரியே இருந்தது. என்னை மாதிரி வாசிக்க மெட்ராஸ்ல நானே இருக்கேனே.” அவர் செலினை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, மத்தியானம் நான் சிரிச்சேனே, அதை மறந்துடு. நான் ரெக்கார்டிங்ல ஒரு கண்ணாடி அறைக்குள்ள உக்காந்து இதை வாசிச்சேன். அந்த ஹீரோயின் அவன் எப்போ வருவான்னு நிக்கறா, அதுக்குத்தான் இந்த பிட்டுன்னு சொன்னாங்க. அவ எங்கே நிக்கறா, அவன் எத்தனை தூரத்துல இருக்கான், எனக்கு என்ன தெரியும்? இங்கே கேட்டப்போதான் தூரம் தெரிஞ்சது.”

தாமஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று செலின் பதறிக் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

“மாணிக்கம், நீயும் ஒண்ணு வாசிக்கணும்!” என்று கிருஷ்ணமூர்த்தி மைக்கிலேயே அறிவித்துவிட்டார். கூட்டம் ஆரவாரித்தது. சிதாரைக் கொண்டுவந்து, பாயை விரித்து, ராஜமாணிக்கத்தை உட்கார வைத்தார்கள். அவர் அந்த பிட்டையே எடுத்தார். தட்டிக்கொண்டே பின்னால் சாயப் பார்த்தார். சுரைக்குடுக்கை ஒரு பக்கம் நழுவ, தொந்தி ஒரு பக்கம் தடுக்க, விழாமல் நிமிர்வதே பெரும்பாடாகிவிட்டது.

“பாத்து சார், கவுந்துரப்போகுது!” என்றார் சின்னப்பன் மூன்றாம் வரிசையிலிருந்து, கவிழும் படகுகளைப் பார்த்த அனுபவத்தோடு. அன்னம்மாள் அவர் தொடையில் கிள்ளினாள்.

“இந்த வாத்தியத்தோட அசைய முடியாதுப்பா” என்றார் ராஜமாணிக்கம், மூச்சு வாங்க. “சிதார்காரன் மலை மாதிரி. உக்காந்தா உக்காந்ததுதான். நீதான் வரணும்.”

தாமஸ் யோசித்தான். பிறகு மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து செலினின் கையில் கொடுத்தான்.

“அவரு அசைய வேண்டாம். நீ மைக்கைக் கொண்டு போ, கொண்டு வா.”

“ஐயோ, நானா? நீங்களே பிடிங்க.”

“எனக்கு எப்படித் தெரியும் எப்போ போகணும், எப்போ வரணும்னு? நானா கேட்டேன்? கேட்டவ நீதானே.”

அவ்வளவு பேர் முன்னால் அவன் அதைச் சொன்ன விதத்தில் அவள் முகம் சூடாகிவிட்டது. அவன் கிடாரை எடுத்துக்கொண்டு ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்து, அடியில் ஒரு கம்பியை மட்டும் மெல்லத் தட்டிச் சுருதி பிடித்தான். செலின் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்து, சிதாருக்கு முன்னால் நின்றாள்.

ராஜமாணிக்கம் விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு, அவள் தலையசைப்பதற்காகக் காத்திருந்தார்.